ஆயிரத்து நானூறு யானைகளும் ஒரு கல்லறையும்

இலண்டனிலே முப்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நண்பர் ஒருவர் அண்மையில் ஊருக்கு வந்திருந்தபோது கனத்த அட்டையிட்ட ஆங்கில நூலொன்றை எனக்கு அன்பளிப்பாகத் தந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கைக் காடுகளில் வெள்ளைத்துரைமார் ஆடிய வேட்டைகளைப் பற்றிய பழைய எழுத்துகளின் மறுபதிப்பு அது. அட்டையிலே ஒரு படம். துரையொருவர் துப்பாக்கியை ஊன்றியபடி, வீழ்ந்து கிடக்கும் யானையின்மீது ஒரு காலை வைத்து நிற்கிறார். படத்தின் ஓரத்திலே இடுப்பில் மட்டும் துணி கட்டிய இருவர் குந்தியிருக்கின்றனர். துரையின் பெயர் படத்தின் கீழே இருக்கிறது. குந்தியிருப்போருக்குப் பெயர் இல்லை.

"நம்மட மட்டக்களப்பும் இதில வருகுது அண்ணன், வாசிச்சுப் பாருங்க. அதெல்லாம் ஒரு பொற்காலம்" என்றார் நண்பர்.

வாசித்தேன். பொற்காலம் என்ற அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருப்பதாலேயே இதனை எழுத நேர்ந்தது. நண்பர் கோபிக்கமாட்டார் என நம்புகிறேன். கோபித்தாலும் பாதகமில்லை, நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு நண்பர்களின் கோபம் புதிதன்று.

மட்டக்களப்பார் எவரிடம் கேட்டாலும் வெள்ளையருள் ஒருவரின் பெயரை மட்டும் வாஞ்சையோடு சொல்வர். அவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த அவர் 1848 செப்டெம்பரிலே மட்டக்களப்புக்கு வந்தார். இரவிலே வாவியில் தோணியேறிச் சென்று நீரின் அடியிலிருந்து எழுந்த இசையைக் கேட்டார். கேட்டதை 1859இல் வெளிவந்த தமது பெருநூலிலே பதிந்தார். மீன்பாடும் தேன்நாடு என்று நாம் மார்தட்டிக்கொள்வதற்கு ஆங்கிலச் சான்றிதழ் வழங்கியவர் அவரே என்பதில் நமக்கொரு பெருமை. பள்ளி மலர்களிலும், விழா மேடைகளிலும், சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்களிலும் அந்தப் பந்தி எத்தனை முறை மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை.

அதே நூலிலே யானைகளைப் பற்றி டெனன்ட் எழுதிய பகுதியை நம்மில் எத்தனை பேர் மொழிபெயர்த்தோம்?

அங்கே அவர் தரும் கணக்கு இது. மேஜர் ரொஜர்ஸ் என்பவர் கொன்ற யானைகள் 1,400க்கு மேல். கப்டன் கால்வே கொன்றவை அதன் பாதிக்கும் அதிகம். வீதிகளை அமைத்தவர் என்று நாம் பாடசாலையிலே படித்த மேஜர் ஸ்கின்னர் கொன்றவையும் ஏறக்குறைய அவ்வளவே. இவை தனிமனிதர்களின் விளையாட்டுக் கணக்கு. இதைவிட அரசாங்கத்தின் கணக்கொன்றும் உண்டு. யானையைக் கொன்றால் தலைக்குச் சில ஷில்லிங் சன்மானம் என்று அரசு அறிவித்திருந்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியிலே மாத்திரம் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கோரப்பட்டது. 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் மேலும் 2,000.

பத்திரிகைக்காரனுக்கு எண்ணைக் கண்டால் கூட்டிப் பார்க்கும் குணம் போகாது. நாளுக்கொரு யானை வீதம், ஒரு நாளும் ஓயாமல் சுட்டாலும் 1,400ஐ முடிக்க நான்காண்டு பிடிக்கும். மூன்று துரைமாரின் தொகையையும் கூட்டினால் 2,700ஐத் தாண்டுகிறது. சன்மானக் கணக்கு 5,500. இலங்கை முழுவதிலும் 2011இல் எடுக்கப்பட்ட தொகைமதிப்பிலே காணப்பட்ட காட்டு யானைகள் 5,879. அதாவது, இந்தத் தீவின் யானைகள் அனைத்துக்கும் ஏறக்குறையச் சமமான ஒரு கூட்டத்துக்கு, இரண்டு மாகாணங்களில், பத்தாண்டுக்கும் குறைந்த காலத்தில் கச்சேரிப் பணத்திலிருந்து கூலி கொடுக்கப்பட்டது.

எதற்காக? தந்தத்துக்காக என்று நினைப்போர் இருக்கலாம். ஆபிரிக்காவிலே அது உண்மை. இலங்கையிலோ யானைகளுள் நூற்றுக்கு ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை என்று டெனன்டே எழுதுகிறார். இறைச்சியை எவரும் உண்பதில்லை. வாலை அறுத்து எடுத்துக்கொள்வர், அவ்வளவுதான். மிகுதி அங்கேயே கிடந்து அழுகும். பசிக்காகவும் அன்று, பணத்துக்காகவும் அன்று, ஒரு வாலுக்காக ஒரு மலை சாய்க்கப்பட்டது. வீரத்துக்காக என்பார்கள். யானையைச் சுடுவதற்குக் குறிபார்க்கும் திறமை மிகக் குறைவாகவே போதும் என்ற கருத்தையும் அதே டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். பெரிய உடல், சில பாகம் தூரம், கையிலே கனரகத் துப்பாக்கி, பின்னால் இரண்டாவது துப்பாக்கியை நிறைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் கறுப்பு மனிதன். இதுதான் அந்த வீரத்தின் ஏற்பாடு.

இங்கே ஒரு வாதம் வரும் என்பதை அறிவேன். "அக்காலத்தை இக்கால அளவுகோலால் அளக்கக்கூடாது" என்பர். கொழும்பின் ஆங்கிலக் கட்டுரையாளர்கள் இந்த வாக்கியத்தை ஒரு குடையைப்போல எப்போதும் கையில் வைத்திருப்பர். சரி, அக்கால அளவுகோலாலேயே அளப்போம். டெனன்ட் அக்காலத்தவர்தானே? வேட்டையை வெறுத்த முனிவரல்லர்; ஆட்சியின் உச்சத்தில் இருந்தவர். அவருக்கே இந்தக் கொலைக்கணக்கு மெச்சத்தக்கதாகத் தோன்றவில்லை. அக்காலத்து மலைநாட்டுக் குடியானவர் என்ன நினைத்தனர்? மேஜர் ரொஜர்ஸ் 1845 ஜூன் 7இல் அப்புத்தளையிலே இடி விழுந்து மாண்டார். அவருடைய கல்லறை நுவரெலியாவில், இன்றைய கோல்ஃப் திடலின் அருகே இருக்கிறது. அந்தக் கல்லறையின்மீதும் இடி விழுந்து கல் பிளந்தது என்றும், யானைகளின் பழி செத்த பின்னும் விடவில்லை என்றும் மக்கள் கதை சொல்லிவந்தனர். இடி உண்மையில் எத்தனை முறை விழுந்தது என்பது எனக்கு முக்கியமன்று. பதுளைப் பகுதியையே ஆண்ட அதிகாரியொருவரைப் பற்றி, வாய்திறந்து எதுவும் சொல்ல முடியாத மக்கள் வானத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்வித்தனர் என்பதே முக்கியம். அது அக்காலத்து அளவுகோல் இல்லையா? அல்லது அளவுகோல் என்பது துரைமாரின் நாட்குறிப்பில் மட்டுந்தான் இருக்குமா?

இரண்டாவது வாதம் இன்னும் தந்திரமானது. யானைகள் பயிரை அழித்தன, குடியானவனைக் காக்கவே துரைமார் சுட்டனர் என்பது. பயிரை அழித்தது மெய்தான். படுவான்கரையிலே பிறந்த எவனுக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 1848ஆம் ஆண்டு இந்த நாட்டிலே நடந்தது என்ன? டொரிங்டன் தேசாதிபதியின் அரசு, குடியானவன் வைத்திருந்த துவக்கு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங் அனுமதிவரி விதித்தது. நாய்க்கும் வரி, கடைக்கும் வரி. அந்த வரிகளை எதிர்த்தே மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. ஓகஸ்ட் மாதம் புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். இராணுவச் சட்டம் நடைமுறையிலிருந்த காலத்திலேதான் குடியேற்றச் செயலாளர் மட்டக்களப்பு வாவியில் மீன்பாட்டுக் கேட்டார். யானையிடமிருந்து குடியானவனைக் காக்க விரும்பும் அரசு, வயலுக்குக் காவலிருக்கும் அவனது துவக்குக்கும், பரணின் கீழே குரைக்கும் அவனது நாய்க்கும் வரி போடுமா? அதே அரசு, யானை சுடுவோருக்குச் சன்மானம் கொடுத்துக்கொண்டு?

உண்மையில் அங்கே காக்கப்பட்டது வேறு. மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. காட்டை வெட்டி யானையை வெளியே தள்ளிவிட்டு, வெளியே வந்த யானையைக் குற்றவாளியாக்குவது. இந்தக் கணக்கு நமக்குப் புதியதன்று. இன்றுவரை நடப்பதும் இதுதான். அதற்குப் பின்னர் வருகிறேன்.

இந்த வேட்டை இலக்கியத்தின் முடிசூடா மன்னர் சாமுவேல் பேக்கர். 1854இலும் 1855இலும் இரண்டு நூல்களை எழுதியவர். நுவரெலியாவிலே ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்க முயன்று, பின்னர் ஆபிரிக்காவுக்குச் சென்று ஏரி கண்டுபிடித்து, சேர் பட்டம் பெற்றவர். நில்கல, பிபிலை வழியாக மட்டக்களப்பின் மேற்குக் காடுகளை நோக்கி விரியும் புல்வெளிகளை 'பார்க்' என்றே அவர்கள் அழைத்தனர். பெயரைக் கவனியுங்கள்! வேடரின் தேன்மரமும் குகையும், மேய்ச்சலுக்குப் பட்டிகள் போன வழியும் இருந்த நிலம், சீமைப் பிரபுவின் வீட்டுத் தோட்டமாகிவிட்டது. வேட்டை விருப்பம் ஆங்கிலேயனின் இரத்தத்தோடு ஊறியது என்ற தோரணையிலே அந்த எழுத்து நடக்கிறது. நன்றாகவே எழுதியிருக்கிறார் என்பதை மறுக்கமாட்டேன். ஓரிரவில் ஒரு நூலை முடித்தேன். கீழே வைத்தபோது, இத்தனை பக்கங்களிலும் காட்டில் வாழ்ந்த மனிதர்களுக்கு வழிகாட்டுவதும் சுமப்பதும் பயந்து ஓடுவதும் தவிர வேறு வேலை இல்லையே என்று தோன்றியது.

ஆனால் அந்தக் காட்டை அறிந்தவர்கள் அவர்கள்தான். ஏறாவூர் முதலிய கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலே பணிக்கர் எனப்பட்டோர் வாழ்ந்தனர். துப்பாக்கியின்றி, தோல்வாரினால் முறுக்கிய கயிற்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு, காற்றின் திசை பார்த்து, யானையின் பின்னால் ஊர்ந்து சென்று அதன் பின்னங்காலிலே சுருக்கைப் போட்டு, மறுமுனையை மரத்தில் கட்டுகின்ற மனிதர்கள். இவர்களின் துணிவைக் கண்டு டெனன்டும் வியந்தார், பேக்கரும் வியந்தார். கண்டி தலதா மாளிகையின் பெரஹராவிலே புனிதப் பேழையைப் பல்லாண்டுகள் சுமந்து, 1988இல் இறந்து, பாடம் செய்யப்பட்டுக் கண்ணாடிக்குள் நிற்கும் ராஜா யானை ஏறாவூர்க் காட்டிலே உமறுலெப்பைப் பணிக்கரால் பிடிக்கப்பட்டதுதான். பெரஹராவைப் பார்க்கப்போகும் பல்லாயிரவருள் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? அவர்கள் கிடக்கட்டும், மட்டக்களப்புத் தமிழராகிய நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்து ஊரின் வரலாற்றைப் பக்கத்து ஊராருக்கு விட்டுவிடும் கெட்ட பழக்கம் நமக்குண்டு.

பணிக்கரைப் புகழ்வதால் யானை பிடித்தலை அறச்செயல் ஆக்குகிறேன் என்று எண்ணவேண்டாம். பிடிபட்ட யானையின் கால் புண்ணாகும். பல யானைகள் பழக்குமுன்னரே இறந்தன. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பணிக்கருக்கு யானை உயிரோடு வேண்டும். ஆதலால் அதன் குணம், நடை, அச்சம், கூட்டத்திலே அதற்குள்ள இடம் ஆகிய யாவும் தெரிந்திருக்க வேண்டும். துரைக்குத் தெரியவேண்டியது நெற்றியிலே குண்டு புகும் இடம் ஒன்றுதான்.

வேடரைப் பற்றியும் இவ்வாறே. 1911இல் செலிக்மன் தம்பதியர் எழுதிய நூலிலே, தமிழ் பேசும் கரையோர வேடரைப் பற்றியும் எழுதியிருக்கின்றனர். வாகரை, கதிரவெளி, பனிச்சங்கேணிப் பக்கங்களிலே அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கின்றனர். "உங்கள் ஆட்களும் வேட்டையாடியவர்கள்தானே, குறிஞ்சித் திணை எதற்கு, கண்ணப்ப நாயனார் யார்?" என்று மடக்கும் புத்திசாலிகளுக்கு இவர்களே விடை. ஆம், வேட்டையாடினார்கள். உடும்பும் மானும் பன்றியும் கொன்றார்கள். கொன்றதைப் பகிர்ந்து உண்டார்கள். உண்ணாத யானையைக் கொன்று அதன் வாலைச் சுவரிலே தொங்கவிடவில்லை. கண்ணப்பரும் இறைச்சியை உண்ணும் பொருளாகவே எண்ணினார். அதனாலேதான் தமக்கு ருசித்ததைத் தம் இறைவனுக்கும் ஊட்டினார்.

அதற்குப் பின் நடந்ததே பெரிய வேடிக்கை. சுட்டுச் சுட்டு யானை குறைந்தது. மானும் குறைந்தது. அப்போதுதான் துரைமாருக்கு ஞானம் பிறந்தது. 1894இலே வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. பெயரைப் பாருங்கள், விலங்குப் பாதுகாப்பு அன்று, வேட்டை விலங்குப் பாதுகாப்பு. தோட்டத்துரைமாரும் வேட்டைக்காரருமே அதன் முன்னோடிகள். 1900இல் யால சரணாலயமாயிற்று. அதன் பக்கத்திலேயே, இங்கு வதியும் வேட்டைத்துரைமாருக்கென்று ஒரு காடு தனியே ஒதுக்கப்பட்டது. கட்டணம் கட்டி அனுமதிச்சீட்டுப் பெற்று விருதுக்குச் சுடுபவர் கனவான். அனுமதிச்சீட்டின்றிக் கறிக்குச் சுடுபவன் கள்ளன். இந்தப் பாகுபாடு அந்நாளிலே உண்டாயிற்று. அந்தச் சங்கத்தின் வழிவந்தோர் பிற்காலத்திலே செய்த நற்பணிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேட்டைக்காரராகத் தொடங்கிப் பின்னர் காட்டுக்காகவும் வேடருக்காகவும் எழுதிய வைத்தியர் ஆர். எல். ஸ்பிட்டெல் போன்றோரும் இருந்தனர். ஆனால் தீ வைத்தவன் முதலில் வாளியோடு ஓடிவந்தான் என்பதற்காகத் தீயணைப்பின் தந்தை என்று அவனைக் கொண்டாட வேண்டுமா?

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையன்று. 1911இல் டில்லி தர்பார் முடிந்த கையோடு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் நேபாளத்துக்குச் சென்றார். சில நாட்களிலே 39 புலிகளும் 18 காண்டாமிருகங்களும் வீழ்ந்தன. பேரரசு தன்னைத் தனக்கே காட்டிக்கொள்ளும் நாடகம் அது. நாடகத்தின் உட்புறத்தை ஒப்புக்கொண்டவர் ஒருவர் உண்டு. பர்மாவிலே பொலிஸ் அதிகாரியாக இருந்த ஜோர்ஜ் ஓர்வெல், 1936இல் எழுதிய கட்டுரையிலே, கூடிநின்ற சனத்தின் முன் மூடனாகத் தோன்றாமல் இருப்பதற்காகவே தான் யானையைச் சுட்டதாக எழுதினார். ரொஜர்ஸ் அப்படியொரு வரி எழுதியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன்.

இனி, பின்னர் வருகிறேன் என்ற இடத்துக்கு வருகிறேன்.

'பார்க்' என்று துரைமார் அழைத்த நிலத்தின் ஒரு பகுதி இன்று நீரின் கீழே இருக்கிறது. 1949இலே தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனநாயக்க சமுத்திரம் அது. சுற்றிலுமுள்ள காடு 1954இல் தேசிய பூங்காவாயிற்று. வடக்கே மாதுறு ஓயாப் பூங்கா 1983இல் உருவானபோது தம்பானை வேடர்கள் தம் வேட்டைக் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு வில் எடுத்தால் குற்றம், தேன் எடுத்தால் குற்றம். குடியேற்றத் திட்டங்கள், கரும்பு, வீதிகள், பின்னர் முப்பதாண்டு யுத்தம். யானைகளின் வழித்தடங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. விளைவு, 2023ஆம் ஆண்டிலே மட்டும் நாடெங்கும் 450க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இந்த மோதலிலே மாண்டனர்.

படுவான்கரைக்கு வந்து பாருங்கள். வெல்லாவெளி, தும்பங்கேணி, உன்னிச்சை, கிரான் பக்கமெல்லாம் வெள்ளாண்மை குடலைப் பருவத்துக்கு வந்தால் ஆண்களுக்கு இரவில் உறக்கமில்லை. மின்வேலி ஓரிடத்தில் உண்டு, மற்றோரிடத்தில் இல்லை. உள்ள இடத்திலும் மின்கலம் வேலை செய்யாது. யுத்தகாலத்திலே யானைவெடி கொளுத்தவும் அஞ்சினார்கள், சத்தம் கேட்டால் எந்தப் பக்கத்திலிருந்து சூடு வரும் என்று தெரியாது. இன்று அந்த அச்சம் இல்லை. ஆனால் பன்றிக்கென்று வைக்கும் வாய்வெடியைக் கடித்துத் தாடை சிதறி, உண்ணவும் குடிக்கவும் முடியாமல் பல நாள் நின்று சாகும் யானைக்கன்றைக் கண்டிருக்கிறேன். அதை வைத்தவனை நியாயப்படுத்த என்னால் முடியாது. மேஜர் ரொஜர்ஸின் குண்டுக்கு இருந்த விரைவுகூட அந்தச் சாவுக்கு இல்லை.

எனினும் அவன் வீட்டுச் சுவரிலே யானை வால் தொங்குவதில்லை. அவன் பிடிபட்டால் நீதவான் முன் நிற்பான். அவனைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகையிலே 'காட்டுமிராண்டிகள்' என்று கடிதம் வரும். கடிதம் எழுதுபவரின் வரவேற்பறை மேசையிலே, நண்பர் எனக்குத் தந்த நூலின் பிரதி ஒன்று, விருந்தினர் புரட்டிப் பார்ப்பதற்காக வைக்கப்பட்டிருக்கும். இதுதான் என் கோபம். 1,400 யானைக்கு ஒரு கல்லறையும் காவியமும். ஒரு யானைக்கு விளக்கமறியல். நான் கேட்பது இரண்டாமவனுக்கு மன்னிப்பு அன்று. முதலாமவனை வீரன் என்பதை நிறுத்துங்கள் என்பதே. மட்டக்களப்பின் காட்டு வரலாற்றை எழுதப் புகும் இளைஞர்கள் துரைமாரின் நூல்களிலிருந்து திகதியையும் தொகையையும் எடுத்துக்கொள்ளட்டும். வியப்பை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏறாவூரிலே பணிக்கர் குடும்பத்து முதியோர் சொல்லும் கதைகளையும், வாகரைப் பக்கத்து வேடர் சடங்குகளிலே பாடும் பாட்டுகளையும் யாராவது ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். வாவியில் மீன் பாடுவதற்குச் சான்று தேடி இலண்டன் நூலகம்வரை போனோம். இவர்களிடம் போவதற்குப் பாலம் தாண்டினால் போதும்.

நண்பர் புறப்படுவதற்கு முதல் நாள், உன்னிச்சைப் பக்கத்திலே எனக்குத் தெரிந்த ஒருவரின் வட்டைக்கு அவரைக் கூட்டிச்சென்றேன். பொழுதுபட்ட பின்னர் பரணின் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, காட்டோரமாக ஒரு கிளை முறிந்தது. வயற்காரர் கையைக் காட்டி எங்களை அமைதிப்படுத்தினார். நண்பர் தமது கையடக்கத் தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்க எழும்பினார். "வெளிச்சம் போடாதங்க தம்பி" என்றார் வயற்காரர். "மூணு குட்டியோட நிக்குது. முந்தாநாளும் வந்தது. இண்டைக்கு அதுக்கு அந்த மூலைய விட்டிருக்கன்."